மூடிவிட்ட இரண்டு துளைகள்

அந்தத் தொப்பி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வந்தது. மூடியைத் திறந்ததும் எழுந்தது தோலின் வாசனை இல்லை. சாம்பிள் அறையில் என்னோடு வேலை செய்யும் தையல் அக்கா, மெஷினை விட்டு எழுந்து வந்து மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தார்.

"விளக்கெண்ண, மாஸ்டர்."

"நூறு வருசத்துக்கு மேல ஆன தொப்பி இது, அக்கா. இதுல எங்கேந்து விளக்கெண்ண வரும்?"

"என் மூக்கு தப்பாது. மூணு புள்ளைங்களுக்கு மூக்கைப் புடிச்சி ஊத்தினவ நானு."

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் நான் பேட்டர்ன் மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் மாதிரிக்கு வரும். அதைப் பிரிக்காமல், விரலாலும் அளவு நாடாவாலும் தடவித் தடவிப் படித்து, எத்தனை துண்டுகளால் ஆனது என்று கண்டுபிடித்து, அட்டையில் வரைந்து வெட்டிக் கொடுப்பது என் வேலை. அக்கா தைப்பார். ஒரே அச்சாக இரண்டு தைப்போம். ஒன்று கடல் தாண்டிப் போகும், ஒன்று எங்கள் அலமாரியில் இருக்கும். சரி என்று அங்கிருந்து பதில் வந்தால் அலமாரியில் இருப்பதற்குச் சீல் குத்திய அட்டை கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அதில் ஒரு நூலை மாற்றவும் யாருக்கும் உரிமை கிடையாது. சீல் வைத்ததுதான் சட்டம்.

தொப்பியோடு ஒரு கடிதமும் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு எழுத்தும் பேச்சும் நடத்துவது ஆபீசில் இருக்கும் பாய். அவர் எங்கள் மேஜையில் சாய்ந்துகொண்டு அதைத் தமிழில் சொன்னார். எழுதியவர் இங்கிலாந்தின் ஏதோ ஒரு நாட்டுப்புறத்தில் இருக்கும் பெண்மணி. அவருடைய கொள்ளுத்தாத்தா, ராணுவம் முதன்முதலாக விமானம் வாங்கிய காலத்தில் அதில் ஏறிய சில பேரில் ஒருவர். அவர் ஓட்டிய விமானத்தைப் போலவே ஒன்றை, மரமும் துணியும் கம்பியுமாக, இந்த அம்மாவும் நண்பர்களும் பல வருடம் உழைத்துக் கட்டியிருக்கிறார்கள். தாத்தா பறந்த அதே மைதானத்திலிருந்து அந்த அம்மாவே அதை ஓட்டப்போகிறார். தலையில் தாத்தா போட்டிருந்த மாதிரியே தொப்பி வேண்டும். அந்த மைதானத்தை ஒட்டிப் பழைய விமானங்களைக் காட்சிக்கு வைத்த ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறதாம். அங்கே வருகிறவர்கள் போட்டுப் பார்க்க இன்னும் முப்பது வேண்டும்.

கடைசியில் ஒரு வரி. இந்தத் தொப்பி மிஞ்சியதற்குக் காரணம், தாத்தா விழுந்து இறந்த நாளில் இதைப் போட்டிருக்கவில்லை என்பது. வீட்டில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பழையது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ பாவம்" என்றார் அக்கா. "புதுசு போட்ட அன்னிக்கா."

யாருடைய தொப்பியைப் பார்த்துத் தைக்கிறோம் என்று நாங்கள் அறிய வேண்டும் என்பதற்காக, அந்தத் தாத்தா எழுதி வைத்திருந்த குறிப்புகளின் நகலையும் அந்த அம்மா அனுப்பியிருந்தார். ஒரு பத்துப் பன்னிரண்டு தாள். பாய்க்கு அதைப் படிக்கப் பொறுமை இல்லை. நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

காட்பாடியிலிருந்து ஆம்பூருக்கு வரும் காலை ரயிலில் அவற்றைப் படித்தேன். என் ஆங்கிலமும் அந்த ரயிலைப் போலத்தான், ஒவ்வொரு சொல்லிலும் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவர் காலாட்படை அதிகாரியாக இருந்து விமானத்துக்குப் போனவர். அன்றைக்கு ராணுவத்தில் இருந்த விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய துணி, எல்லாவற்றையும் விறைப்பாகப் பிடித்து வைக்க எஃகுக் கம்பிகள். உட்கார ஒரு பிரம்பு நாற்காலி. இடுப்பில் கட்ட வார் கிடையாது. காற்று ஒரு உலுக்கு உலுக்கினால் ஆள் நாற்காலியை விட்டு எழும்பிவிடுவார், பிடித்துக்கொள்ளக் கையில் இருக்கும் பிடி மட்டும்தான். முழங்காலில் வரைபடத்தைக் கட்டிக்கொண்டு எதிரிப் படை எங்கே நிற்கிறது என்று பார்த்து வரப் போவாராம். வழி தவறினால் தண்டவாளத்தைத் தேடி, அதன் மேலேயே பறந்து, அடுத்த ஸ்டேஷனில் தாழ இறங்கிப் பெயர்ப்பலகையைப் படிப்பாராம். நான் தலையைத் தூக்கினேன். மேல்பட்டி என்று மஞ்சள் பலகை. இதை மேலிருந்து படிக்க எவ்வளவு கீழே வரவேண்டும்? வேப்பமரத்துக்குக் கீழேயா?

இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒருமுறை வைக்கோல் போரில். அந்த நிலத்துக்காரர் ஏணியோடு ஓடி வந்தாராம், போரைக் கலைத்ததற்குப் பக்கத்தில் நின்று திட்ட. இரண்டாவது முறை காறை எலும்பு முறிந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கம்பிகள் பாடுவதை நிறுத்தியது தன் காதில் விழவே இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

கம்பிகள் பாடுவது. அந்த இடத்தில் நான் தாளை மடியில் வைத்துவிட்டேன். வானத்தில் ஒரு மனிதன், பிரம்பு நாற்காலியில், அவனைச் சுற்றிப் பாடுகிற கம்பிகள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு நோட்டு இருக்கும். அதில் அந்த வரியைத் தமிழில் எழுதிக்கொண்டேன். என்றைக்காவது எதற்காவது உதவும். அழகான வரி. அவ்வளவுதான் அதைப் பற்றி யோசித்தேன்.

பிறகு வேலை. தொப்பியில் ஏழு துண்டுகள். உச்சியில் நடு நெடுக ஒரு பட்டை, இரண்டு பக்கத்துண்டுகள், கழுத்துக்குப் பின்னால் ஒன்று, காதை மூடும் மடல்கள் இரண்டு, தாடைக்கு ஒரு வார். மடல்கள் இரண்டிலும் மடலுக்கொரு துளை. இடது பக்கம் இருப்பது புளியங்கொட்டை அளவு. வலது பக்கம் இருப்பது கொஞ்சம் சின்னது, ஓரம் கோணல்.

இங்கே எங்கள் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தோலை மேஜையில் விரித்தால் நாங்கள் முதலில் பார்ப்பது தோலை அல்ல, அதில் இருக்கும் குறையை. முள்கம்பி கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, உரிக்கும்போது கத்தி பட்டு விழுந்த துளை. எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டு, அந்த வட்டங்களுக்கு நடுவில் துண்டுகளை நுழைத்து வெட்டுவோம். இருபத்தைந்து வருடம் இதைச் செய்தவன் கண்ணுக்குத் துளை என்றால் ஒரே அர்த்தம்தான். பூச்சி அரித்திருக்கும், அல்லது ஆணியில் மாட்டி மாட்டிக் கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். அட்டையில் மடலை வரையும்போது துளையை வரையவில்லை. முடிவெடுத்து விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாக அதை விட்டுவிட்டுப் போனது.

"ஓட்டைய மூடிட்டீங்களா?" என்றார் அக்கா.

"பின்ன?"

"அதான் நல்லது. ஓட்டையோட அனுப்பினா ஆம்பூரு மானமே போய்டும்."

அக்கா அன்றைக்குத் தைத்தது போல நான் பார்த்ததில்லை. உள்ளே மெத்தென்று ஆட்டு ரோமம் வைத்த தோல், வெளியே காப்பிக்கொட்டை நிறத்தில் ஆட்டுத்தோல், ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றும் பிசகவில்லை. ஒன்று போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அலமாரியில் இருந்த இன்னொன்றுக்குச் சீல் அட்டை கட்டினார்கள். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, விடியற்காலைக் காற்று படுத்திருக்கும் நேரத்தில், அதைப் போட்டுக்கொண்டு பறக்கப்போவதாக எழுதியிருந்தார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கூடப்பிறந்த அக்கா. அவள் வீட்டுக்காரர் விமானப்படையில் இறக்கையும் உடலும் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எதையாவது கழற்றாமல் அவருக்குப் பொழுது போகாது. அன்றைக்குத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருந்தார். நான் பெருமையாகக் கைபேசியை நீட்டினேன்.

"மாமா, இது பழசு, இது நம்ம தெச்சது. எப்டிக் கீது?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "பழசுல ஓட்ட கீது. புதுசுல காணோம். இன்னாச்சி?"

"அது டேமேஜ் மாமா. சரி பண்ணிட்டோம்."

படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக்கினார். "யார்ரா இத டேமேஜுன்னு சொன்னது? ரெண்டும் காதுக்கு நேரா கீது பாரு மச்சான். கத்தியில அறுத்தது. வேணும்னே அறுத்து வெச்சிக்கிறான் மனுசன்."

"எதுக்கு?"

"கேக்கறதுக்குத்தான். வேகம் காட்ற முள்ளு அந்தக் காலத்துல ஏது? றெக்கையக் கட்டி வெச்ச கம்பிங்க காத்துல ஒரு சத்தம் போடும். சத்தம் ஏறினா வேகம் ஜாஸ்தி. எறங்கினா கம்மி. நின்னு போச்சின்னா றெக்க புடிய வுட்டுடுச்சின்னு அர்த்தம், அப்றம் கல்லு மாதிரிதான். அதுவும் இன்ஜின் நின்னுட்டா அந்தச் சத்தத்தை வுட்டா வேற தொண கெடையாது."

சட்டைப்பையில் நோட்டு இருந்தது. அதில் அந்த வரி இருந்தது. அவர் எனக்குப் புரியும்படி எழுதிவிட்டுத்தான் போயிருந்தார். தடித்த தொப்பி காதை அடைத்துக்கொண்டதால் கம்பியின் சத்தம் போனது தெரியாமல் விழுந்தேன் என்பதைத்தான் அந்த ஒரு வரியில் எழுதியிருக்கிறார். எலும்பு கூடிய பிறகு கத்தியை எடுத்து இரண்டு பக்கமும் அறுத்திருக்கிறார். நான் அதை அழகு என்று நோட்டில் வைத்துக்கொண்டு, தொப்பியில் இருந்ததை மூடிவிட்டேன்.

"ஒண்ணு கேளு" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். "அந்தத் தொப்பி விளக்கெண்ண நாத்தம் அடிச்சிச்சா?"

"எப்டித் தெரியும்?"

"அந்த இன்ஜினுக்கு ஊத்தறதே அதான். சுத்தும்போது எண்ணயத் துப்பும், மூஞ்சி பூரா. பறந்து முடிச்சி எறங்கினா சலாம் போடக்கூட நிக்க மாட்டானுங்க, நேரா கக்கூசுக்குத்தான்."

"சோறு போடற நேரத்துல இந்தப் பேச்சுதான் கெடச்சிதா" என்றாள் அக்கா, கிண்ணத்தோடு வந்து நின்று.

சிரித்தேன். சோற்றில் கை வைத்ததும் கடிதம் நினைவுக்கு வந்தது. புதுத் தொப்பி போட்ட அன்றைக்கு அவர் விழுந்தார் என்று கடிதத்தில் இருந்ததே. குறிப்பு நகலின் கடைசித் தாளில் அந்த அம்மா எழுதியிருந்தபடி, மைதானத்தை விட்டுக் கிளம்பிய உடனே இன்ஜின் நின்றிருக்கிறது, திரும்பி மைதானத்துக்கே வரப் பார்த்திருக்கிறார். துளை இருந்தாலும் விழுந்திருக்கலாம். அந்த நாட்களில் அப்படித் திரும்பப் பார்த்து விழுந்தவர்கள் நிறையப் பேர் என்றார் மாமா. எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வீட்டார் அன்போடு கொடுத்த புதிது ஒன்று, நாங்கள் அக்கறையோடு அனுப்பிய புதிது ஒன்று. சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து இரண்டு தொப்பிகளையும் வெளியே எடுத்தேன். மாதிரிக்கு வந்த பொருளை நாங்கள் உடம்பில் போட்டுப் பார்ப்பதில்லை. அது ஒரு ஒழுக்கம். தையல் அக்கா என்னைப் பார்த்துவிட்டு மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "நான் ஒண்ணும் பாக்கல, மாஸ்டர்."

முதலில் எங்களுடையது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் நாள் முழுவதும் ஓடும். அது பஞ்சுக்குள் போய்விட்டது. சுகமாக இருந்தது, கண்ணை மூடினால் தூங்கிவிடலாம். பிறகு பழையது. தோல் காய்ந்து, உள்ளே ரோமம் உதிர்ந்து, விளக்கெண்ணெய் நாற்றம். ஆனால் கம்ப்ரசர் மூச்சு வாங்குவது, மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கிரீச்சிடுவது, அக்காவின் மெஷினில் நூல் ஓடுவது, எல்லாம் தனித்தனியாகக் காதுக்குள் வந்தன.

இரண்டு தொப்பிகளோடும் பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"காலங்காத்தால பேஜார் பண்ணாதீங்க மாஸ்டர். பையர் ஓகே சொல்லி, சீல் வெச்சி, முப்பதுக்குத் தோலும் வந்து எறங்கிடுச்சி. இப்ப நாமளா போய்த் தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னா, இன்னும் எங்கெங்க தப்புன்னு தேட மாட்டாங்களா?"

"சனிக்கெழம பறக்கறாங்க பாய்."

"ஓட்றது அவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா ஓகே சொல்லியிருப்பாங்களா? போட்டுப் பாருங்க, அப்றம் சொல்லுங்க."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையிலிருந்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்தார். எங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டார். என் பின்னாலேயே வந்திருந்த அக்கா, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் சொன்னார்:

"பாய் கொண்டார்ற பிரியாணியில கறி ரொம்பக் கம்மி."

பாய் அசையவில்லை. நான் பழையதை மாற்றி மாட்டினேன். அக்கா அதே குரலில் அதையே சொன்னார்.

"கம்மியா?" பாய் சட்டென்று திரும்பினார். "போன வெள்ளிக்கெழம மூணு துண்டு எடுத்தது யாரு?"

பாய் தொப்பியை மெதுவாகக் கழற்றினார். "அங்க எத்தினி மணி இப்ப?" என்றார்.

மதியம் கூப்பிட்டோம். அங்கே அப்போதுதான் காலை. ஒலிபெருக்கியில் போட்டு, பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழியைக் கடத்தினார். எங்கள் தவறு என்பதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார், அதை நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு அந்த அம்மா பேசினார். சின்ன வயதிலிருந்து அந்தத் துளைகளைப் பார்த்திருக்கிறாராம். எலி கடித்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் எங்கள் தொப்பியோடு விமானத்தைத் தரையில் ஓட்டிப் பார்த்தபோது, எவ்வளவு அமைதி என்று நினைத்தாராம்.

"வேற செஞ்சி அனுப்ப நாளில்லன்னு சொல்லிட்டேன்" என்றார் பாய். "அவங்களே அறுக்கறாங்களாம். எங்க, எப்டின்னு கேக்கறாங்க."

இது எனக்குத் தெரிந்த இடம். தொப்பியைப் போட்டு, வாரை இறுக்கி, காதின் குழி வரும் இடத்தில் வெளியிலிருந்து குறி வைக்கச் சொன்னேன். நேராகக் கத்தியால் கிழித்தால் கிழிசல் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் இரண்டு முனையிலும் சிறு வட்டத் துளை போட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து அறுக்க வேண்டும். கத்தியை ஓரத்திலிருந்து உச்சியைப் பார்த்து இழுக்க வேண்டும், உச்சியிலிருந்து ஓரத்துக்கு அல்ல, கை வழுக்கினால் மடலின் ஓரம்வரை பிளந்துவிடும். உள்ளே இருக்கும் ரோமத்தைக் கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் துளை போட்டும் அடைத்துக்கொள்ளும். அக்கா இடையில் புகுந்து, அறுத்த ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொல்லுங்கள் என்றார். பாய் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா எழுதிக்கொள்வது பேனா உராயும் சத்தமாகக் கேட்டது.

பேசி முடித்ததும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "பையர் ஓகே பண்ண சாம்பிள்ல கத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். இருவது வருச சர்வீஸ்ல இதான் மொத தடவ."

சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். அங்கே விடியும்போது இங்கே உணவு வேளை நெருங்கும். பதினொன்றிலிருந்து நான் ஒரே மடலை நாலு தடவை வரைந்தேன். அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். வெளியே வெயிலில், பாலாற்றுப் பக்கம், பருந்துகள் இறக்கையை அசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் காதுக்கு மேலே யாரும் எதையும் மூடி வைக்கவில்லை.

ஒன்றே கால் மணிக்குப் பாய் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் சாப்பாட்டுப் பருக்கை ஒட்டியிருந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கேமராவை விமானத்தின் சட்டத்திலேயே கட்டியிருந்தார்கள். புல்தரை நடுங்கிக்கொண்டே ஓடியது, பிறகு நடுக்கம் நின்றது. இரண்டு தென்னைமர உயரம்தான் இருக்கும். ஒரு வேலி, ஒரு குட்டை, சில மாடுகள் கீழே மெதுவாகத் திரும்பின. இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மைதானத்தைச் சுற்றி வந்து, இறங்கும் நேரத்தில் இன்ஜினை அணைத்தார். அப்போது அது கேட்டது. மெல்லிய ஒற்றை ஒலி, கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. ஒலி இறங்கும்போது விமானத்தின் மூக்கு சற்றுத் தாழ்ந்தது, வேகம் கூடி ஒலி மறுபடி ஏறியது.

"கொசு பாடற மாதிரி கீது" என்றார் அக்கா, கிசுகிசுப்பாக.

தரை தட்டியது, ஒரு குதி, இன்னொரு குதி, நின்றது. அந்த அம்மா கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். அறுபது வயதிருக்கும். முகம் முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள். காதுக்கு நேரே இரண்டு கோணல் துளைகள், எங்கள் ஒழுங்கான தையலுக்கு நடுவில் கேவலமாக வெட்டப்பட்டு. விரலால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தீங்களா, மூஞ்சியில" என்றார் அக்கா. "விளக்கெண்ண."

மீதி முப்பதையும் துளையோடு செய்யச் சொல்லி அந்த அம்மா எழுதினார். புதிதாக மடலை வரைந்தேன். இந்த முறை துளையை முதலில் வரைந்தேன், மடலை அதைச் சுற்றி. இடது புளியங்கொட்டை அளவு, வலது கொஞ்சம் சின்னது, கோணலையும் விடவில்லை. பழைய சீல் அட்டையைப் பாய் தன் கையாலேயே வெட்டினார்.

முப்பதும் தைத்து முடிந்து, கடைசிப் பரிசோதனைக்காகப் பக்கத்துக் கூடத்துக்குப் போயின. அங்கே இருக்கும் பெண்களுக்கு ஒரு வழக்கம். எங்கே குறை கண்டாலும் அதைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அவர்களிடம் சொல்லி வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாலை ஷிப்டு முடியும் முன் முப்பது தொப்பியும் என் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டன. தொப்பிக்கு இரண்டாக, அறுபது சிவப்பு அம்பு, ஒன்று பாக்கி இல்லாமல் துளையைப் பார்த்து.

அக்கா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தோலில் பசை தங்காதபடி, நகம் படாமல், இரண்டு பேரும் ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தோம்.